பரணில் உறங்கும் காமிரா



சென்ற திங்கள் வந்த கடிதங்களுள் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் ஒரு குடும்பத் தலைவி. அவருடைய கணவர் குவைத்தில் பணியாற்றிய காலத்தில், 2008-ஆம் ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது ஒரு வீடியோ காமிரா வாங்கி வந்தாராம். "கேசட் போடத் தேவையில்லை, உள்ளேயே ஹார்டு டிஸ்க் இருக்கிறது, கண்ணாடி போல் தெளிவான படம் எடுக்கும்" என்று கடைக்காரர் சொன்னாராம். மூன்று நான்கு ஆண்டுகள் வீட்டு விசேஷங்கள் யாவும் அதிலேயே பதிவாயின. பின்னர் நல்ல கைப்பேசிகள் வந்தன. காமிரா பரணுக்குப் போயிற்று.

"இப்போது வீட்டை ஒழுங்கு செய்கிறோம். என் மகன் அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறான். ஆனால் 2011-இல் காலமான என் மாமனார், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்லும் காட்சி அதற்குள் இருக்கிறது. அவர் குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

காட்சிகளை எடுத்துக்கொண்டு பிறகு காமிராவைப் போடுங்கள் என்று ஒரே வரியில் மறுமொழி கூறிவிடலாம். ஆனால் அது போதாது. இத்தகைய காமிரா எவ்வாறு இயங்கியது, அதன் நிறை எது, குறை எது என்பதை அறிந்தாலன்றி, அதனுள் அடைபட்டுக் கிடப்பதைப் பழுதின்றி மீட்பது அரிது. நம் வாசகர் இல்லங்கள் பலவற்றில், சிறப்பாக வெளிநாட்டில் உழைத்தவர்களின் இல்லங்களில், இவ்வகைக் காமிரா ஒன்று இன்றும் ஏதோ ஒரு மூலையில் இருக்கக்கூடும். ஆகவே இத்திங்கள் அதனைப் பற்றியே சற்று விரிவாகக் காண்போம்.

வன்தட்டு வந்த கதை

ஹார்டு டிஸ்க் என்னும் வன்தட்டு புதிய பொருளன்று. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டு, ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடையுடன் ஓர் அலமாரி போல் நின்றது. அவ்வளவு பெரிய உருவத்தில் அடங்கியவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. அரை நூற்றாண்டு உழைப்பினால் அதே தத்துவம் 1.8 அங்குலத் தட்டாகச் சுருங்கிற்று. 2001-இல் வெளிவந்த ஐபாடு என்னும் பாட்டுப் பெட்டிக்குள் இத்தகைய சிறு தட்டே சுழன்றது.

பாட்டுப் பெட்டிக்குள் நுழைந்த தட்டு காமிராவுக்குள் நுழைவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. ஜப்பான் நாட்டு ஜே.வி.சி. நிறுவனம் 2004-இல் எவரியோ என்னும் பெயரால் இவ்வகைக் காமிராக்களை அறிமுகப்படுத்தியது. அவை பழைய தரத்துப் படங்களையே எடுத்தன. 2006-இல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து, உயர்தரப் படத்தைச் சுருக்கிப் பதியும் ஏ.வி.சி.எச்.டி. என்னும் முறையை அறிவித்தன. அவ்வாண்டிலேயே சோனி, 30 ஜிகாபைட் வன்தட்டுடன் எச்.டி.ஆர்-எஸ்.ஆர்.1 என்னும் காமிராவை வெளியிட்டது. 2007-இல் ஜே.வி.சி.யின் ஜி.இசட்-எச்.டி.7 என்பது 60 ஜிகாபைட் தட்டுடனும், கேனான் நிறுவனத்தின் எச்.ஜி.10 என்பது 40 ஜிகாபைட் தட்டுடனும் வந்தன. 2009-இல் சோனியின் ஒரு காமிரா 240 ஜிகாபைட்டைத் தாங்கி நின்றது. மூன்றே ஆண்டுகளில் எட்டு மடங்கு வளர்ச்சி!

நிறைகள்

முதலாவது நிறை, படத்தின் தெளிவு. நம் நாட்டிலும் வளைகுடா நாடுகளிலும் வழங்கிய பழைய தொலைக்காட்சி முறையில், ஒரு படத்தில் அகலத்தில் 720-ம் உயரத்தில் 576-மாகப் புள்ளிகள் அமைந்தன. உயர்தரப் படத்திலோ அகலத்தில் 1920, உயரத்தில் 1080. பெருக்கிப் பார்த்தால் புள்ளிகள் சரியாக ஐந்து மடங்கு ஆகின்றன. அக்காலத்துக் காமிராக்கள் சில, அகலத்தில் 1440 புள்ளிகளை மட்டும் பதிந்து, காட்டும்போது விரித்துக் காட்டின, கேனான் எச்.ஜி.10 அவ்வகையைச் சேர்ந்ததே. அப்படியாயினும் பழைய படத்தைவிட மிகத் தெளிவானது. பகல் வெளிச்சத்தில் எடுத்த காட்சிகள் இன்றைய பெரிய தொலைக்காட்சியிலும் பார்க்கும் தரத்துடன் விளங்குகின்றன.

இரண்டாவது நிறை, பதிவின் நீளம். மினி டிவி கேசட் ஒன்றில் 60 நிமிடங்கள் பதியலாம். அன்று விற்ற 4 ஜிகாபைட் மெமரி கார்டில் உயர்தரப் படம் அரைமணி நேரத்துக்குச் சற்று மேலாக மட்டுமே அடங்கும். கேனான் எச்.ஜி.10-இன் 40 ஜிகாபைட் தட்டிலோ மிக உயர்ந்த தரத்திலேயே ஐந்தரை மணி நேரம் பதியலாம், ஜே.வி.சி.யின் 60 ஜிகாபைட் தட்டில் ஐந்து மணி நேரம். திருமண வீட்டில், தாலி கட்டும் நேரத்தில் கேசட் தீர்ந்துபோய்ப் பதறிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, தேடும் வசதி. எடுத்த காட்சிகள் அனைத்தும் சிறு சிறு படங்களாகத் திரையில் வரிசையாய் நிற்கும்; வேண்டியதைத் தொட்டால் அக்கணமே ஓடும். கேசட்டைச் சுற்றி முன்னும் பின்னும் அலைய வேண்டியதில்லை. முன்னர் எடுத்த காட்சியின் மேல் தவறிப் பதிந்துவிடும் அச்சமும் இல்லை.

நான்காவது, படி எடுக்கும் விரைவு. கேசட்டில் ஒரு மணி நேரம் எடுத்ததைக் கணிப்பொறிக்கு மாற்ற ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வன்தட்டிலிருந்தோ யு.எஸ்.பி. கம்பி வழியாக அதே ஒரு மணி நேரக் காட்சி பத்துப் பதினைந்து நிமிடங்களில் வந்துவிடும். இந்த நான்காவது நிறையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். படி எடுப்பது இத்துணை எளிதாக இருந்தும், மிகப் பெரும்பாலோர் அதைச் செய்யாமலே விட்டதுதான் இக்கட்டுரையின் பொருள்.

குறைகள்

குறைகளுள் சில எல்லாச் சிறு காமிராக்களுக்கும் பொதுவானவை. குறைந்த வெளிச்சத்தில் படம் மங்கிப் புள்ளி புள்ளியாய்த் தெரிவது அவற்றுள் ஒன்று. காரணம் எளிது. காமிராவின் உள்ளே ஒளியை ஏற்கும் தகடு சிறு நகத்தளவே உடையது. பழைய காமிராவில் அதே அளவுத் தகட்டில் சில இலட்சம் ஒளிக்கண்கள் இருந்தன; உயர்தரக் காமிராவிலோ பல இலட்சம் கண்களை நெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கண்ணுக்கும் கிடைக்கும் ஒளியின் பங்கு குறைகிறது. ஆகவே ஒற்றை விளக்கு எரியும் அறையில் எடுத்த காட்சிகள் எதிர்பார்த்த அழகுடன் அமைவதில்லை.

இன்னொன்று, விசேஷ வீடுகளில் பலர் கண்டு வியந்திருக்கக்கூடியது. புகைப்படக்காரர் ஃபிளாஷ் போட்டவுடன் வீடியோவில் படத்தின் ஒரு பாதி மட்டும் வெள்ளையாய் மின்னி மறையும். சீமாஸ் என்னும் வகைத் தகடு கொண்ட காமிராக்கள் படத்தை ஒரே நொடியில் முழுவதுமாய்ப் பிடிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாய்ப் பிடிக்கின்றன. பாதி வரிகள் முடிந்தபின் ஒளி பாய்ந்தால் மீதி வரிகளே வெளுக்கின்றன. காமிராவை விரைந்து திருப்பினால் நிமிர்ந்து நிற்கும் தூண் சாய்ந்து தோன்றுவதும் இதனாலேயே.

அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வாங்கி வந்த காமிராக்களுக்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. அவை நொடிக்கு 60 என்னும் கணக்கில் பதிகின்றன. நம் மின்சாரமோ நொடிக்கு 50 சுற்று. இந்த ஒவ்வாமையால் நம் வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படம் துடிதுடித்துத் தெரியும். குவைத்திலிருந்து வந்த காமிரா நம் நாட்டு முறையையே சேர்ந்ததாகையால் அச்சகோதரிக்கு இத்தொல்லை இராது.

இனி, வன்தட்டுக்கே உரிய குறைகளுக்கு வருவோம்.

வன்தட்டு அசையாப் பொருளன்று. பதிவு நடக்கும் நேரமெல்லாம் அது சுழன்றுகொண்டே இருக்கிறது. 1.8 அங்குலத் தட்டுகள் பொதுவாக நிமிடத்திற்கு 4,200 முறை சுழல்பவை. அதன் மேல், எழுதவும் படிக்கவும் வல்ல ஒரு சிறு முனை, தட்டைத் தொடாமல், மெல்லிய காற்றுப் படலத்தின் மீது மிதக்கிறது. அந்த இடைவெளி நம் தலைமயிரின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. முனை தட்டின் மேல் உரசிவிட்டால், அங்கிருந்த பதிவு சிதைகிறது. இவ்வளவு நுட்பமான ஒன்றைத்தான் நாம் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தைகளின் பின்னால் ஓடி ஓடிப் படம் எடுத்தோம்.

தயாரித்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். காமிரா கைநழுவி விழுவதை உணரும் கருவி ஒன்றை உள்ளே வைத்தார்கள். விழத் தொடங்கிய கணத்திலேயே அது முனையை ஓரத்துக்கு இழுத்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. கேளிக்கைப் பூங்காக்களில் தலைகீழாய்ச் சுற்றும் இராட்டினத்தில் ஏறிப் படம் எடுத்தால், காமிரா தான் விழுவதாகவே எண்ணிப் பதிவை நிறுத்திவிடும்.

உரத்த ஓசையும் அதற்கு ஆகாது. ஓசை என்பது அதிர்வே அன்றோ? 2008-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெண்டன் கிரெக் என்னும் கணிப்பொறி வல்லுநர், ஓடிக்கொண்டிருந்த வன்தட்டுகளின் முன் நின்று உரக்கக் கத்தி, அந்த ஓசையினாலேயே தட்டுகளின் வேலை தடைப்பட்டுத் தாமதமாவதை அளந்து காட்டினார். அப்படியாயின், ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் அருகில் நின்று படம் எடுக்கும்போது பதிவு இடையில் நின்றுபோவதில் வியப்பில்லை. மறுபுறம், ஓசையே இல்லாத அறையில் எடுத்தால், தட்டு சுழலும் மெல்லிய இரைச்சலை ஒலிவாங்கி தானே பிடித்துப் பதிந்துவிடும்.

முனை காற்றின் மேல் மிதப்பதால், காற்று மெலிந்த மலையுச்சிகளிலும் இடர் உண்டு. பல காமிராக்களின் கையேடுகள் 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல் இயக்க வேண்டா என்று எச்சரித்தன. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கவலையில்லை. ஆனால் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகருக்குச் சுற்றுலா சென்றவர்கள் அந்த எல்லையைக் கடந்தவர்களே.

பெரிய குறை

மேலே கூறிய யாவும் சிறு குறைகளே. பெரிய குறை ஒன்று உண்டு. அது கருவியின் பெரிய நிறையிலிருந்தே பிறப்பது.

கேசட்டில் எடுத்த காலத்தில், ஒரு மணி நேரம் முடிந்தவுடன் அதை வெளியே எடுத்துத்தான் ஆகவேண்டும். எடுத்ததும் மேலே ஒரு சீட்டு ஒட்டி, "அண்ணன் திருமணம், 2003" என்று எழுதி அலமாரியில் வைப்போம். காமிரா கெட்டுப்போனாலும் கேசட் இருக்கும். ஒரு கேசட் பூஞ்சைக் காளான் பிடித்துக் கெட்டாலும் ஒரு மணி நேரமே போகும், மற்றவை தப்பும். இட நெருக்கடியே நம்மைப் பத்திரப்படுத்தும் பழக்கத்திற்கு உட்படுத்தியது.

வன்தட்டு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இடம் நிறைய இருந்தது; ஆகவே எவரும் வெளியே எடுக்கவில்லை. "இன்னும் இடம் இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றே ஆண்டுகள் கழிந்தன. அன்றைய நிலையில் வேறொரு தடையும் இருந்தது. ஏ.வி.சி.எச்.டி. முறை படத்தை மிக நெருக்கமாய்ச் சுருக்குவதால், அதை விரித்துக் காட்ட வலிமையான கணிப்பொறி தேவைப்பட்டது. 2007-இல் வீடுகளில் இருந்த கணிப்பொறிகள் பல அக்காட்சியை ஓட்ட இயலாமல் திக்கித் திணறின. மாற்றிப் பார்த்தும் பயனில்லை என்று எண்ணிப் பலர் காமிராவையே தொலைக்காட்சியில் இணைத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தனர். இவ்வாறு, எடுக்கும் கருவியே சேமிக்கும் பெட்டியும் ஆயிற்று. பல ஆண்டுக் குடும்ப வரலாறு முழுவதும் சுழலும் ஒரே தட்டில் தங்கிவிட்டது.

உழவர் எவரும் விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி, ஆண்டுக்கணக்கில் திறந்து பாராமல் விடுவதில்லை. நாம் நம் பெற்றோரின் முகத்தையும் குரலையும் அவ்வாறு விட்டிருக்கிறோம்.

மெமரி கார்டுகளின் விலை விரைந்து சரிந்தது. அவற்றில் சுழலும் உறுப்பு ஏதும் இல்லை. சில ஆண்டுகளுக்குள் குடும்பக் காமிராக்கள் கார்டுக்கு மாறின. பின்னர் அவற்றின் இடத்தைக் கைப்பேசிகள் பிடித்துக்கொண்டன. வன்தட்டுக் காமிராவின் காலம் முடிந்தது. ஆனால் அதற்குள் இருக்கும் காட்சிகளின் காலம் முடியவில்லை. இன்று அத்தட்டுகளின் வயது பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல். அவை எத்தனை நாள் சுழலும் என்று எவராலும் உறுதி கூற முடியாது.

செய்ய வேண்டுவன

ஆகவே அச்சகோதரியும், அவரைப் போன்ற நிலையில் உள்ளவர்களும் பின்வருமாறு செய்யலாம்.

முதலாவதாக, காமிராவைப் பரணிலிருந்து இறக்கி, ஈரமில்லாத அறையில் ஒரு நாள் அப்படியே வைத்திருங்கள். பாட்டரியைக் கழற்றிப் பாருங்கள். அது உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் செய்ய முயல வேண்டா; அது தீப்பற்றக்கூடியது. பெரும்பாலான காமிராக்கள் பாட்டரி இன்றியே, மின் இணைப்பில் மாட்டும் அடாப்டரால் இயங்கும். பழைய அடாப்டர் தொலைந்திருந்தால், அதே வோல்ட் அளவு உடையதையே வாங்க வேண்டும். காமிராவின் அடியில் அச்சிட்டுள்ள எண்ணும் அடாப்டரின் மேலுள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கணிப்பொறிக்கு மாற்றும்போது அடாப்டர் மாட்டியிருந்தால்தான் வேலை செய்யும் காமிராக்களும் உண்டு. மாட்டி வைப்பதே நன்று.

இரண்டாவதாக, காமிரா உயிர் பெற்று, சிறு படங்கள் திரையில் தோன்றியதும், குடும்பத்தார் அனைவரையும் கூப்பிட்டு உட்கார்ந்து பார்க்கும் ஆசை எழும். அந்த ஆசையைச் சற்றே அடக்கிக்கொள்ளுங்கள். முதியோரின் மூச்சைப் போல, அத்தட்டுக்கு எஞ்சியுள்ள சுழற்சியும் எண்ணப்பட்டதே. முதலில் படி எடுங்கள். பிறகு படியைப் பாருங்கள். மிக அருமையான காட்சி எதுவோ அதையே முதலில் எடுங்கள்.

மூன்றாவதாக, காமிராவை அசையாத மேசையின் மேல் வைத்து, யு.எஸ்.பி. கம்பியால் கணிப்பொறியுடன் இணையுங்கள். காமிராவின் திரையில் கணிப்பொறி இணைப்பைத் தேர்ந்துகொள்ளச் சொல்லும். கணிப்பொறியில் ஒரு புதிய தட்டுப் போலக் காமிரா தோன்றும். அருமையான காட்சியின் கோப்பை எடுத்தபின், ஏ.வி.சி.எச்.டி. என்று பெயரிட்ட உறை இருந்தால் அந்த உறை முழுவதையும் அப்படியே படி எடுங்கள். நீண்ட காட்சிகள் உள்ளே பல துண்டுகளாய் வெட்டப்பட்டிருக்கும். இத்தட்டுகளில் வழக்கமாய் அமைந்த பழைய ஒழுங்குமுறை 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்பதில்லை என்பதே காரணம். துண்டுகளை எப்படிச் சேர்ப்பது என்னும் குறிப்பு அந்த உறையிலுள்ள மற்றச் சிறு கோப்புகளில் இருக்கிறது. காட்சிக் கோப்புகளின் பெயர் எம்.டி.எஸ். என்று முடியும், ஜே.வி.சி.யின் முற்காலக் காமிராக்களில் டி.ஓ.டி. என்று முடியும். வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருள் இரண்டையும் ஓட்டிக் காட்டும். அசையும் பொருள்களின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிந்தால் அஞ்ச வேண்டா. அது அக்காலப் பதிவு முறையின் இயல்பு. அதே மென்பொருளில் டி-இன்டர்லேஸ் என்னும் வசதியை இயக்கினால் கோடுகள் மறையும்.

நான்காவதாக, ஒரு படியோடு நிறுத்த வேண்டா. மூன்று இடங்களில் இருக்கட்டும்: வீட்டுக் கணிப்பொறியில் ஒன்று, தனியே ஒரு வெளித் தட்டில் ஒன்று, வேறு ஊரிலுள்ள மகனிடமோ மகளிடமோ ஒன்று. கேனான் எச்.ஜி.10-இல் மிக உயர்ந்த தரத்தில் எடுத்த ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 7 ஜிகாபைட் ஆகும். 40 ஜிகாபைட் காமிரா முழுவதும் இன்றைய சிறு பென் டிரைவ் ஒன்றில் அடங்கிவிடும். கைப்பேசியில் பார்ப்பதற்காகச் சிறிதாக்கிய படியையும் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் மூலக் கோப்பை அழித்துவிட வேண்டா.

ஐந்தாவதாக, இயக்கும்போது உள்ளிருந்து டிக் டிக் என்று ஓசை வந்தால், அல்லது தட்டில் பிழை என்று திரை கூறினால், அக்கணமே அணைத்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, திருகாணியைக் கழற்றிப் பார்ப்பது எதுவும் கூடாது. "வடிவமைக்கவா?" என்று காமிராவோ கணிப்பொறியோ கேட்டால் ஒருபோதும் சம்மதிக்க வேண்டா. தகவல் மீட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். செலவு மிகுதியாகலாம், ஆனால் முதல் முயற்சியிலேயே அவர்களிடம் கொடுத்தால் மீட்கும் வாய்ப்பு அதிகம். தட்டு நன்றாயிருந்து யு.எஸ்.பி. வாய் மட்டும் பழுதாயிருந்தால், எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகப் படத்தை ஓட விட்டு மறுபதிவு செய்யும் வழியும் உண்டு.

இறுதியாக, காமிராவைப் பழைய சாமான்காரரிடம் போடுவதைப் பற்றி. காட்சிகளை அழித்துவிட்டோம் என்று எண்ணிக் கொடுத்துவிடலாகாது. சாதாரணமாய் அழிக்கும்போது அட்டவணையிலிருந்து பெயர் மட்டுமே நீங்குகிறது. காட்சி தட்டிலேயே கிடக்கிறது. தெரிந்தவர்கள் அதைத் திரும்ப எடுக்க முடியும். வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் உள்ள காட்சிகள் யார் கைக்குப் போகும் என்று யார் அறிவார்? தட்டை முற்றிலும் வெறுமையாக்கும் வசதி சில காமிராக்களில் உண்டு. அது இல்லாவிட்டால், படிகள் யாவும் சரியாக இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்ட பின்னர், காட்சிகளை அழித்துவிட்டு, லென்ஸை மூடி வைத்து, தட்டு நிறையும் வரை வெறுமையையே பதிய விடுங்கள். பழைய காட்சிகளின் மேல் இருள் எழுதப்பட்டுவிடும்.

ஒரு சொல்

படி எடுத்து முடித்தபின் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. ஐந்து மணி நேரம் இடம் இருந்ததால் நாம் ஐந்து மணி நேரமும் எடுத்தோம்; பந்தியில் இலை போடுவது முதல் வண்டிகள் புறப்படுவது வரை எதையும் விடவில்லை. அதனாலேயே அதைப் பார்க்க எவருக்கும் பொறுமை இல்லாமற் போயிற்று. ஆகவே ஒரு ஞாயிறு மாலையில் பிள்ளைகளுடன் அமர்ந்து, பதினைந்து நிமிட அளவுக்கு நல்ல காட்சிகளைத் தெரிந்தெடுங்கள். திரையில் தோன்றுபவர்கள் யார் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து அந்த முகங்களைப் பார்ப்பவர்களுக்கு, இது உங்கள் கொள்ளுத் தாத்தா என்று சொல்ல நாம் இருக்கமாட்டோம்.

அச்சகோதரியின் மாமனாருடைய மடியில் அன்று அமர்ந்திருந்த குழந்தை இன்று வளர்ந்த பிள்ளையாயிருக்கும். காமிராவைப் போட்டுவிடலாம் என்று சொல்லும் மகன் அவன்தானோ என்னவோ! அப்படியாயின், படி எடுக்கும் வேலையை அவனிடமே ஒப்படையுங்கள். கணிப்பொறி வேலை அவனுக்கு எளிது. முதலில் எந்தக் காட்சியை எடுக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.